ஒரே வாசல், இரண்டு ரசீது: நெல்லைச் சீமையில் கல்லூரிச் செலவை யார் ஏற்கிறார்கள்?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் விண்ணப்பங்களைப் புரட்டினால், பல இடங்களில் பி.காம். என்ற ஒரே படிப்பு இரண்டு முறை அச்சாகியிருக்கும். ஒன்றன் பக்கத்தில் 'எய்டடு' (அரசு உதவி பெறுவது), மற்றதன் பக்கத்தில் 'எஸ்.எஃப்.' (சுயநிதி). வாசல், பல்கலைக்கழகம், பாடத்திட்டம் எல்லாம் ஒன்றே, கடைசியில் கையில் வரும் பட்டமும் ஒன்றே. கட்டண ரசீது மட்டும் வேறு. முதல் பிரிவில் கிடைத்தால் வீட்டில் நிம்மதி. இரண்டாவதில் கிடைத்தால் கழுத்துச் சங்கிலியைப் பற்றிப் பேச்சு வரும்.

உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிவிடும் சட்டத் திருத்தம் 2025 அக்டோபரில் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, 'உதவி பெறும் கல்லூரி' என்ற சொல் செய்திகளில் அடிபட்டது. அந்தக் கல்லூரிகள் தனியாருடையவைதானே, அவர்கள் விருப்பப்படி மாற்றிக்கொண்டால் நமக்கென்ன என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்ல, கல்லூரிப் படிப்புக்கான பணம் எந்த வழியாக வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடிப்படை: கல்லூரிகளில் எத்தனை வகை?

1. அரசுக் கல்லூரி. நிலம், கட்டடம், சம்பளம் எல்லாம் அரசு. நெல்லையில் பெண்களுக்கான ராணி அண்ணா அரசுக் கல்லூரி (1970), அரசு பொறியியல் கல்லூரி (1981), திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி (1965), பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி (1964) ஆகியவை இந்த வகை.

2. அரசு உதவி பெறும் கல்லூரி. நிலமும் கட்டடமும் நிர்வாகமும் ஓர் அறக்கட்டளையுடையவை அல்லது திருச்சபையுடையவை. அரசு அங்கீகரித்த பணியிடங்களில் இருப்பவர்களின் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும்.

3. சுயநிதிக் கல்லூரி. எல்லாச் செலவும் மாணவர் கட்டணத்திலிருந்து.

4. பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது. கோவிந்தப்பேரி, பணகுடி போன்ற ஊர்களில் இருப்பவை.

இந்தப் பட்டியலில் அடங்காத ஒன்றுதான் விண்ணப்பத்தில் நாம் பார்த்தது: உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் சுயநிதிப் பிரிவு. தொண்ணூறுகளிலிருந்து புதிய படிப்புகளுக்கு அரசு மானியம் கிடைப்பது ஏறக்குறைய நின்றுபோனது. கணினி அறிவியல் வேண்டும், காட்சித் தொடர்பியல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, 'சுயநிதியாக நடத்திக்கொள்ளுங்கள்' என்பதே அனுமதியின் வடிவமாக இருந்தது. அப்படித்தான் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரிகள் முளைத்தன. எனவே 'இது அரசுக் கல்லூரியா, தனியாரா?' என்ற கேள்வியால் பெற்றோருக்கு அதிகப் பயன் இல்லை. வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டால் மீதி எல்லாம் தெரிந்துவிடும்.

நெல்லையில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படுவது நம் வழக்கம். அந்தப் பெருமையைக் கட்டியதில் அரசுக் கலைக் கல்லூரிகளின் பங்கு சிறியது. தூய யோவான் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் 1878இல் கல்லூரி நிலையை எட்டியவை. சாராள் தக்கர் கல்லூரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களுக்கு உயர்கல்வி தந்தது. தூய சவேரியார் கல்லூரி 1923இல் வந்தது, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971இல். குற்றாலம் பராசக்தி கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று சுற்று வட்டாரத்திலும் இதே கதைதான். மிஷன், மடம், கோயில், வணிகர் அறக்கட்டளை ஆகியவை நிலமும் கட்டடமும் கொடுத்தன. பிற்காலத்தில் அரசு சம்பளம் கொடுத்தது.

விளைவாக, நெல்லை நகரில் கலை, அறிவியல் படிக்க வந்த கிராமத்துப் பையனுக்குப் பல பத்தாண்டுகளாக உதவி பெறும் கல்லூரியே நடைமுறையில் அரசுக் கல்லூரி. மற்ற மாவட்டங்களில் எய்டடு இடம் குறைந்தால் பக்கத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரி தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்கிப் பிடிக்க அவ்வளவு இல்லை.

சம்பளக் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்தக் குறிப்பிட்ட கல்லூரியின் கணக்கும் அல்ல, புரிந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டு மட்டும்.

ஆண்டுக்கு 60 பேர் சேரும் ஒரு துறை. மூன்று ஆண்டுகளுக்கு 180 மாணவர்கள். ஐந்து ஆசிரியர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதிய விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய்.

1. ஐந்து பேருக்கு ஓராண்டு அடிப்படைச் சம்பளம் மட்டும் 34,62,000 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் இதில் சேரவில்லை.

2. இதை 180 மாணவர்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 19,230 ரூபாய்.

3. எய்டடு பிரிவில் இந்தத் தொகையை அரசு கட்டுகிறது. இளநிலைப் படிப்புக்கான கற்பிப்புக் கட்டணத்தை அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் தமிழக அரசு ஏற்கெனவே நீக்கிவிட்டது. மாணவர் தருவது சிறப்புக் கட்டணங்கள், தேர்வுக் கட்டணம் போன்றவையே.

4. சுயநிதிப் பிரிவில் இதே தொகையை மாணவர் கட்ட வேண்டும். அவ்வளவு கட்ட முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். அதனால் ஆசிரியர் சம்பளம் குறையும். அதே ஐந்து பேருக்கு மாதம் தலா 20,000 கொடுத்தால் மாணவர் தலைக்கு ஏறத்தாழ 6,670 ரூபாயில் முடிந்துவிடும்.

நான்காவது புள்ளியில் சற்று நிற்க வேண்டும். சுயநிதிப் பிரிவில் கட்டணம் 'கட்டுப்படியாகும்' அளவில் இருக்கிறது என்றால், மிச்சத்தை ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்தான். முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் பெற்றுவிட்டு, பக்கத்து வகுப்பில் நிற்பவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு அதே பாடத்தை நடத்துபவர் அவர். ஏழை மாணவரின் படிப்புக்கு அரசு தர வேண்டிய மானியத்தை அவர் தன் குடும்பத்திலிருந்து தருகிறார்.

அரசுக் கல்லூரிகளும் இந்தச் சுமையிலிருந்து தப்பவில்லை. நிரந்தரப் பணியிடம் நிரம்பாத இடத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் நிற்கிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் உச்சமாக 50,000 ரூபாய் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. தமிழகத்தில் தொகுப்பூதியம் அந்த உச்சத்தைத் தொடவில்லை.

கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லையா என்றால், எல்லாப் படிப்புக்கும் இல்லை. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், மானியம் பெறாத தனியார் நிறுவனங்கள் தம் கட்டணத்தைத் தாமே வகுக்கலாம், ஆனால் கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு இஸ்லாமிய அகாடமி வழக்கில் கட்டணத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. அந்த வழியில் வந்த கட்டண நிர்ணயக் குழு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளைப் பார்க்கிறது. பி.காம்., பி.எஸ்சி. சுயநிதிப் பிரிவுகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. நன்கொடைத் தடைச் சட்டம் (1992) எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் ரசீது இல்லாத பணத்துக்கு எதிராக ரசீதோடு யார் புகார் தர முடியும்?

பணியிடம் எப்படிக் காலியாகிறது?

மானியத்தை நிறுத்த அரசாணை தேவையில்லை. ஒருவர் ஓய்வு பெற்றால் போதும். நடைமுறை சுருக்கமாக இப்படி:

1. கல்வியாண்டின் முடிவோடு பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அங்கீகரித்த பணியிடம் ஒன்று காலி.

2. மாணவர் எண்ணிக்கை, பாடவேளைச் சுமை ஆகியவற்றோடு நிரப்ப அனுமதி கேட்டுக் கல்லூரி எழுதுகிறது. கோப்பு திருநெல்வேலி இணை இயக்குநர் அலுவலகம் வழியாகச் சென்னைக் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்குப் போகிறது.

3. அனுமதி வந்தால் விளம்பரம், நேர்காணல், நியமனம்.

4. நியமனம் பெற்றவரின் தகுதிக்குப் பல்கலைக்கழக ஒப்புதல். அதன் பிறகே அரசுச் சம்பளம்.

ஒவ்வொரு படியிலும் மாதங்கள் ஓடலாம், வழக்கு வந்தால் ஆண்டுகள். அதுவரை வகுப்பைச் சும்மா விட முடியாதே. நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து ஒருவரை நிறுத்துகிறது. 'மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்' என்பார்கள். அந்தப் பணத்துக்குச் சுயநிதிப் பிரிவின் கட்டணத்தைத் தவிர வேறு ஊற்று பல கல்லூரிகளுக்கு இல்லை. அதாவது, எய்டடு மாணவரின் ஆசிரியருக்கான செலவை எஸ்.எஃப். மாணவரின் அப்பா கட்டுகிறார். மூட்டா என்ற கல்லூரி ஆசிரியர் சங்கம் காலிப் பணியிடங்களைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவதைச் சம்பளக் கோரிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது மாணவர் கட்டணத்தைப் பற்றிய பேச்சும்தான்.

மாணவர் கைக்கு வரும் உதவிகள்

சம்பளம் வழியாக வரும் உதவி நிறுவனத்துக்குப் போவது, யார் கண்ணிலும் படாதது. மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் உதவி கண்ணுக்குத் தெரியும், மேடையும் உண்டு. நெல்லைப் பகுதிக்கு முக்கியமானவை:

1. புதுமைப்பெண் திட்டம் (2022 செப்டம்பர்). அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. தொடக்கத்தில் உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் கிடையாது. திருச்சபைப் பள்ளிகளும் நாடார் மகமைப் பள்ளிகளும் நிறைந்த நம் பக்கத்தில் இந்த விதி எத்தனை வீடுகளை வெளியே நிறுத்தியிருக்கும் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவானது 2024 டிசம்பர் 30 அன்று, தூத்துக்குடியில் வைத்து.

2. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கு 2021இலும் சட்டமானது. இந்த இடத்தில் சேருபவரின் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. ஆனால் அரசுப் பள்ளி என்ற விதி இங்கே அப்படியே நிற்கிறது. உதவி பெறும் பள்ளி மாணவர் இதில் வரமாட்டார்.

3. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2020 முதல் ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் ஒன்றிய அரசின் கணக்கில் பட்டியல் சாதி இல்லை, அவர்களுக்கான உதவித்தொகையை மாநில அரசு தன் நிதியில் தருகிறது.

4. முதல் பட்டதாரி சலுகை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேருபவருக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் கழிவு.

5. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஒன்றிய அரசு உதவித்தொகை. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் வீடுகளுக்குப் பழகியது. படிக்கும் நிலைக்கு ஏற்ப ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. 1976இன் சட்டப்படி பீடியின் மீது வசூலித்த தனித் தீர்வையே இதன் ஊற்றாக இருந்தது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது. இப்போது ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் ஒதுக்குவதைப் பொறுத்தது.

இப்போது முதல் எண்ணையும் முந்தைய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுமைப்பெண் ஆண்டுக்கு 12,000 ரூபாய். நிரம்பிய எய்டடு பணியிடங்கள் வழியாக அதே மாணவிக்கு அரசு செலவிடுவது, நம் எடுத்துக்காட்டில், 19,000க்கு மேல். எய்டடு இடத்தில் இருப்பவளுக்கு மாதம் 1,000 ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும். எஸ்.எஃப். இடத்தில் இருப்பவளுக்கு அது கல்லூரிக் கட்டணத்தில் கரைந்துபோகும். அரசு தந்த ஆயிரம் ஒன்றுதான். அது யாருடைய ஆயிரமாக முடிகிறது என்பதை எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்பதே முடிவு செய்கிறது. உதவித்தொகைகளை எவ்வளவு பெருக்கினாலும் பணியிடங்கள் காலியாகிக்கொண்டிருந்தால், ஒரு வாளியில் ஊற்றி மறு வாளியில் ஒழுகவிடுவதுபோல்தான் ஆகும்.

நேரமும் ஒரு சிக்கல். கட்டணம் கட்ட வேண்டியது ஜூனில். உதவித்தொகை வருவது எப்போது வருமோ அப்போது. நடுவில் இருக்கும் மாதங்களை வட்டிக்காரர்களும் மகளிர் குழுக் கடனும் நிரப்புகின்றன.

இட ஒதுக்கீடு எங்கே பொருந்துகிறது?

தமிழகத்தில் 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதி 18 (அதற்குள் அருந்ததியர் 3), பழங்குடி 1. 1993இன் சட்டம், 1994இல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்ததால் வந்த பாதுகாப்பு. சிறுபான்மை நிறுவனங்கள் மட்டும் தனி. அரசமைப்பின் 15(5) பிரிவும் மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுக்கு விலக்கு தருகின்றன. பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளில் பல சிறுபான்மை நிறுவனங்கள் என்பதால், இங்கே இது ஓரத்து விதிவிலக்கு அல்ல.

ஒதுக்கீடு இடத்தைத் தரும், கட்டணத்தைத் தராது. சுயநிதிப் பிரிவில் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தும் முதல் பருவக் கட்டணத்திலேயே தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தூரமும் கடனும்

நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே முதல் உண்டு. பேட்டையிலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ வருபவளுக்கு அது பெரிய உதவி. திசையன்விளையிலிருந்து வருபவளுக்கு ரூட் பஸ்தான், அதில் டிக்கெட் உண்டு. விடுதி என்றால் செலவு இன்னொரு மடங்கு. பணகுடியிலும் கோவிந்தப்பேரியிலும் உறுப்புக் கல்லூரி வைத்ததன் அருமை இங்கேதான் தெரியும்.

கல்விக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம், பிணையும் ஜாமீனும் இல்லாத கடனைத் தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் சேருபவர்களுக்கு வைத்திருக்கிறது. ஆலங்குளத்துச் சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. சேருபவருக்கு அது எட்டாக்கனி. கடன் தேவைப்படுபவர் ஒரு பக்கம், கடன் கிடைக்கும் கல்லூரி மறுபக்கம்.

47 விழுக்காடு என்ற எண்

உயர்கல்வியில் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 ஒன்றிய அரசுக் கணக்கெடுப்பில் 47. நாட்டுச் சராசரி 28.4. 18 முதல் 23 வயது மக்கள்தொகைக்கு எதிராக, உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையே இந்த விகிதம். உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் இந்த எண்ணுக்குள் எய்டடு இடத்தில் இருப்பவரும், நகையை அடகு வைத்துச் சேர்ந்தவரும் ஒரே கணக்குதான். யார் செலவில் சேர்ந்தார்கள் என்பதை அது காட்டாது.

2025 திருத்தம்: என்ன நடந்திருக்கும்?

2019இன் தனியார் பல்கலைக்கழகச் சட்டப்படி தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் தேவை. 2025 அக்டோபரில் நிறைவேறிய திருத்தம் அதை மாநகராட்சிப் பகுதியில் 25, நகராட்சி, பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கராகக் குறைத்தது. இயங்கிவரும் கல்லூரிகள், உதவி பெறுபவை உட்பட, 'பிரவுன்ஃபீல்டு' பல்கலைக்கழகமாக மாறவும் வழி திறந்தது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்தது.

எதிர்ப்பின் காரணத்தை மேலே பார்த்த கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம்:

1. அங்கீகரித்த பணியிடங்களின் கதி. இருப்பவர் ஓய்வு பெறும்வரை சம்பளம் தொடரலாம். அவருக்குப் பின் அந்தப் பணியிடம் தனியார் பல்கலைக்கழகத்தில் உயிரோடு இருக்குமா?

2. கட்டணம். எய்டடு பிரிவு என்ற ஒன்று இல்லாமல் போனால், விண்ணப்பத்தில் பி.காம். ஒரே ஒரு முறைதான் அச்சாகும், எஸ்.எஃப். விலையில்.

3. அதிகம் பேசப்படாதது: மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வருமானம். 1990இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் இணைவுக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் கணிசமாக நம்பியிருக்கிறது. பெரிய கல்லூரிகள் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்தால் அந்த வருமானம் போகும். பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்துக்கு ஆகும் செலவு போகாது. மிஞ்சியிருக்கும் சிறிய ஊர்க் கல்லூரிகளின் பிள்ளைகள்மீது தேர்வுக் கட்டணமாக அது இறங்கும்.

சேர்க்கை மேசையில் கேட்க வேண்டியவை

1. இந்த இடம் எய்டடா, சுயநிதியா? எய்டடு காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, இடம் காலியானால் மாற்றுவார்களா?

2. முதல் ஆண்டுக்கு மட்டுமல்லாமல் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு? எழுத்தில் தருவார்களா?

3. உதவித்தொகை வரும்வரை கட்டணத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

4. தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரியின் பெயரில் ரசீது உண்டா? 'வளர்ச்சி நிதி' என்று தனியாக வாங்கினால் அதற்கும்?